மருந்துப் பெட்டியின் சின்ன எழுத்து: கண் வறட்சிச் சொட்டு மருந்துகளை ஒப்பிடுவது எப்படி?

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வேலைக்காக டெல்லிக்கு வருகிறவர்களுக்கு உதடு வெடிப்பதும் தோல் வெளுப்பதும் முதல் டிசம்பரிலேயே தெரிந்துவிடும். கண்ணும் அதே காற்றில்தான் நாள் முழுவதும் திறந்துகிடக்கிறது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மணல் விழுந்த மாதிரி உறுத்தல், மாலையானால் எரிச்சல், படித்துக்கொண்டிருக்கும்போது எழுத்து மங்கி இரண்டு முறை இமைத்தால் மறுபடி தெளிவது. இவற்றையெல்லாம் புகையின் மேலும் கண்ணாடியின் பவர் மேலும் போட்டு மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் கரோல் பாகிலோ மயூர் விஹாரிலோ ஒரு மருந்துக்கடையில் நின்று, கண்ணுக்கு ஏதாவது டிராப்ஸ் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். கடைக்காரர் நான்கு பெட்டிகளை எடுத்து வைக்கிறார். நான்கிலும் நீல நிறத் துளி ஒன்றின் படம். ஒன்றின் விலை இன்னொன்றைப் போல மூன்று நான்கு மடங்கு.

இந்த நான்கில் எது சிறந்தது என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. உங்கள் கண்ணில் எது குறைகிறது, ஒரு நாளைக்கு எத்தனை முறை மருந்து விடப்போகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் பெட்டியைத் தேர்வது எளிது. அதற்கு வேண்டிய விவரம் பெட்டியின் முகப்பில் இருக்காது. பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும்.

முதலில் கண்ணீரைப் பற்றிக் கொஞ்சம். அழும்போது வழிவதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கருவிழியின் மேல் பூசப்படும் மிக மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதன் பெரும்பகுதி தண்ணீர். மேல் இமைக்குப் பின்னால் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பி அதைத் தருகிறது. அந்தத் தண்ணீர் கருவிழியில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடாதிருக்க அடியில் கோழை போன்ற ஒரு பொருள் இருக்கிறது. மேலே எண்ணெய்ப் பூச்சு. இமைகளின் விளிம்பில், மயிர்க்கால்களை ஒட்டி வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள் இந்த எண்ணெயைக் கசியவிடுகின்றன. தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காப்பது இதுதான்.

ஆக, கண் இரண்டு வழிகளில் வறளலாம். தண்ணீர் போதுமான அளவு சுரக்காமல் போகலாம். அல்லது தண்ணீர் சுரந்தும் எண்ணெய்ப் பூச்சு சரியில்லாமல் ஆவியாகிவிடலாம். இரண்டாவது வகைதான் அதிகம். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கண்ணில் தண்ணீர் வழிகிறது, அப்படியிருக்கக் கண் வறட்சி என்று மருத்துவர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்பவர்கள் ஏராளம். படலம் உடைந்து கருவிழி வெளியே தெரியும்போது அங்கிருக்கும் நரம்புகள் அலறுகின்றன. உடனே சுரப்பி அவசரமாகத் தண்ணீரைக் கொட்டுகிறது. அந்தத் தண்ணீரில் எண்ணெயும் கோழையும் உரிய அளவில் இல்லாததால் அது நிற்பதில்லை, கன்னத்தில் வழிந்துவிடுகிறது. கண் மறுபடியும் காய்கிறது. பைக்கில் போகும்போது வழிவதும், குளிர்காற்றில் வழிவதும் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

டெல்லி இதற்கு நன்றாகவே உதவி செய்கிறது. மே மாதத்து வெப்பக்காற்று, நவம்பரில் புகையும் தூசும், ஜனவரியில் மூடிய அறைக்குள் ஓடும் ஹீட்டர் என்று எல்லாமே படலத்தை உடைக்கிறவை. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பழகிய கண்ணுக்கு இது புது இடம். ஏ.சி. அறையின் ஈரத்தை எடுத்துவிடுகிறது. நம் ஊர்க்காரர்கள் வந்த புதிதில் கேலி செய்யும் அந்தத் தகரப் பெட்டிக் கூலர் ஈரத்தைச் சேர்க்கிறது, முகத்துக்கு நேராக வைக்காதவரை கண்ணுக்கு அதுவே மேல். இவற்றோடு கணினி. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறை போல இமைக்கிற நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைத்தாலும் பாதிதான் மூடுகிறோம். குருகிராமுக்கும் நொய்டாவுக்கும் தினமும் போய்வரும் இளைஞர்களுக்கு முப்பது வயதிலேயே இந்தத் தொல்லை வருவதில் ஆச்சரியம் இல்லை.

இனி பெட்டிக்கு வருவோம்.

மசகுச் சொட்டு மருந்து, செயற்கைக் கண்ணீர், லூப்ரிகன்ட் டிராப்ஸ் எல்லாம் ஒன்றுதான். அடிப்படையில் இது உப்புகள் சேர்த்த தூய நீர். வெறும் நீரை விட்டால் சில நொடிகளில் வடிந்துவிடும். அதைப் பிடித்துவைக்க ஏதாவது ஒரு கொழகொழப்பான பொருளைச் சேர்க்கிறார்கள். பெட்டிக்குப் பெட்டி மாறுவது முக்கியமாக இந்தப் பொருள்தான்.

இந்தியக் கடைகளில் அதிகம் கிடைப்பது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், சுருக்கமாக சி.எம்.சி. மரக்கூழிலும் பஞ்சிலும் இருக்கும் செல்லுலோஸை மாற்றிச் செய்தது. பெட்டியில் 0.5 சதவீதம் அல்லது 1 சதவீதம் என்று இருக்கும். முன்னது நீர்த்தது, பகலுக்கு ஏற்றது. பின்னது கெட்டி, அதிக நேரம் நிற்கும், ஆனால் விட்டதும் சிறிது நேரம் பார்வை மங்கும். ரெஃப்ரெஷ் டியர்ஸ் என்ற பெயரில் பலர் கேட்டு வாங்குவது 0.5 சதவீத சி.எம்.சி.தான். அதே பொருள், அதே அளவு வேறு பல நிறுவனப் பெயர்களிலும் வருகிறது. மக்கள் மருந்தகம் என்று நாம் சொல்லும் ஜன் ஔஷதி கடைகளிலும் கிடைக்கிறது. நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது இடம்பெற்றிருப்பதால் விலைக்கு அரசு உச்சவரம்பும் உண்டு. லேசான வறட்சிக்கு இதிலிருந்து தொடங்குவதில் எந்தக் குறைச்சலும் இல்லை என்பது என் கருத்து. விலை அதிகமானால் வீரியமும் அதிகம் என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த மருந்துகளில் அதற்கு ஆதாரம் குறைவு.

ஹைட்ராக்சிபுரோப்பில் மெத்தில் செல்லுலோஸ் சி.எம்.சி.யின் உறவினர். சற்றுப் பழைய மருந்து, காய்ந்தால் இமை மயிரில் வெள்ளைப் பொருக்காக ஒட்டும். பாலிவினைல் ஆல்கஹால் இன்னும் நீர்த்தது. இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த வகை பாலிஎத்திலீன் கிளைக்காலும் புரோப்பிலீன் கிளைக்காலும் சேர்ந்தது. சிஸ்டேன் அல்ட்ரா என்பது இந்த வகை. இதில் இன்னொரு பொருளும் இருக்கிறது: எச்.பி. குவார். குவார் வேறொன்றுமில்லை, நம் கொத்தவரை. அதன் விதையிலிருந்து எடுக்கும் பசையைச் சற்று மாற்றிச் சேர்க்கிறார்கள். ராஜஸ்தான் வயல்களில் ஏக்கர் ஏக்கராக விளைவது இந்தக் கொத்தவரைதான், காய்க்காக மட்டுமல்ல, பசைக்காகவும். பாட்டிலுக்குள் நீராக இருக்கும் இந்த மருந்து, கண்ணீரோடு கலந்ததும் மருந்திலேயே உள்ள போரேட் உப்போடு பின்னிக்கொண்டு மெல்லிய கூழாகிறது. அதனால் ஊற்றுவதற்கு எளிதாகவும் நிற்பதற்குக் கெட்டியாகவும் இருக்கிறது. கொத்தவரங்காய்க் கூட்டை ஒதுக்கிவைக்கிறவர்களும் இதைக் கண்ணில் விட்டுக்கொள்கிறார்கள்.

மூன்றாவது சோடியம் ஹயலுரோனேட். இப்போது மருத்துவர்கள் அதிகம் எழுதுவது. 0.1, 0.18 சதவீதம் போன்ற அளவுகளில் வரும். முகக்களிம்பு விளம்பரங்களில் வரும் அதே ஹயலுரோனிக் அமிலத்தின் உப்புதான். 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் இதை முதலில் பிரித்தெடுத்தது மாட்டின் கண்ணுக்குள்ளிருக்கும் கூழிலிருந்து. பின்னாளில் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இன்று பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கிறார்கள். சைவமா என்று விசாரிக்கும் மாமிகளுக்காக இதைச் சொல்கிறேன். இதன் சிறப்பு, தன் எடையைவிடப் பல மடங்கு நீரைப் பிடித்துவைப்பது. இன்னொரு குணமும் உண்டு: கண் திறந்திருக்கும்போது கெட்டியாக நிற்கும், இமை வேகமாக உரசும்போது இளகிவிடும், இமை போனதும் மறுபடி கெட்டியாகும். இயற்கைக் கண்ணீரும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. அதனால் கெட்டியாக இருந்தும் பார்வையை அதிகம் மறைப்பதில்லை.

இவை எல்லாமே தண்ணீரைச் சேர்த்துப் பிடித்துவைக்கிறவை. எண்ணெய் குறைந்த கண்ணுக்கு இவை ஓரளவுதான் உதவும். அவர்களுக்கென்று எண்ணெய் கலந்த பால்மச் சொட்டு மருந்துகள் இருக்கின்றன. மினரல் ஆயில் அல்லது விளக்கெண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக நீரில் கலந்தவை, பார்க்கப் பால் போல வெண்மையாக இருக்கும். தண்ணீரே இல்லாத ஒரு சொட்டு மருந்துகூட வந்துவிட்டது. பெர்ஃப்ளூரோஹெக்சைல்ஆக்டேன் என்ற அந்த மருந்துக்கு 2023-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. படலத்தின் மேல் பரவி ஆவியாதலைத் தடுப்பது அதன் வேலை.

எண்ணெய் குறையும் வகையில் மருந்தைவிட வெந்நீர் ஒத்தடம் முக்கியம். டெல்லியில் குடித்தனம் நடத்துகிற தமிழர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜனவரியில் குளியலறை அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கட்டியாகி, பாட்டிலைக் கவிழ்த்தாலும் இறங்காது அல்லவா? இமை விளிம்புச் சுரப்பிகளில் கெட்டியாகி அடைத்துக்கொண்ட எண்ணெயும் அப்படித்தான். தூய துணியைப் பொறுக்கும் சூட்டுள்ள நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, ஆற ஆறத் துணியை மாற்றி, பிறகு இமையை விளிம்பை நோக்கி மெல்ல நீவிவிட வேண்டும். ஒரு நாள் செய்துவிட்டுப் பலனில்லை என்று விடக் கூடாது, வாரக்கணக்கில் தொடர வேண்டும்.

இரவுக்கு என்றே ஜெல்லும் களிம்பும் உண்டு. தூக்கத்தில் இமை முழுதாக மூடாதவர்களுக்கும், காலையில் கண்ணைத் திறக்கவே வலிக்கிறவர்களுக்கும் அவை தேவைப்படும். பாரஃபின் களிம்பைப் பகலில் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டிவிடாதீர்கள், எதிரே எல்லாமே நவம்பர் மாதத்துப் புகை மூடிய ஆனந்த விஹார் மாதிரி தெரியும்.

பெட்டியில் இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது

என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ்.

பாட்டிலைத் திறந்தபின் நம் விரலும் இமையும் காற்றும் பட்டு அதில் கிருமி வளரலாம். அதைத் தடுக்க நெடுங்காலமாகப் பயன்படுவது பென்சல்கோனியம் குளோரைடு. கிருமியைக் கொல்வதில் கெட்டிக்காரப் பொருள். ஆனால் இது அடிப்படையில் அழுக்கைக் கரைக்கும் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள். கண்ணீரின் எண்ணெய்ப் பூச்சையும் கரைக்கும், கருவிழியின் மேல்தோல் செல்களையும் நாளடைவில் நோகடிக்கும். ஒன்றிரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து விடுகிறவருக்கு இது பொருட்டல்ல. வறண்ட கண்ணில் நாளுக்கு ஆறு முறை, வருடக்கணக்கில் விடுகிறவருக்கு வறட்சியைத் தீர்க்க வாங்கிய மருந்தே வறட்சியை வளர்க்கும். கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய்க்கு மருந்து விடுகிறவர்களுக்கு இந்தச் சுமை ஏற்கெனவே அந்தப் பாட்டில் வழியாகச் சேர்ந்துகொண்டிருக்கலாம். அவர்கள் மசகு மருந்திலாவது இதைத் தவிர்ப்பது நல்லது.

இதனால்தான் மென்மையான மாற்றுகள் வந்தன. நிலைப்படுத்திய ஆக்சிகுளோரோ காம்ப்ளெக்ஸ் என்று போட்டிருந்தால், அது வெளிச்சம் பட்டதும் உப்பு, நீர், ஆக்சிஜன் என்று பிரிந்துவிடும். சோடியம் பெர்போரேட்டும் அப்படிக் கண்ணில் பட்டதும் நீரும் ஆக்சிஜனுமாக மாறிவிடும் வகை. பாலிக்வாட் என்பது பெரிய மூலக்கூறு, செல்களுக்குள் எளிதில் புகாது.

இவை எதுவுமே இல்லாத மருந்துகளும் உண்டு. கிள்ளித் திறக்கும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகளில் வரும், ஒரு வேளைக்கு ஒன்று, மீதியை எறிந்துவிட வேண்டும். அல்லது காற்றும் கிருமியும் உள்ளே திரும்பாதபடி வால்வு வைத்த தனிவகைப் பாட்டிலில் வரும். விலை கூடுவது பெரும்பாலும் இந்தக் குப்பிக்கும் பாட்டிலுக்கும்தான். அந்தச் செலவு யாருக்கு நியாயம் என்பதற்கு ஒரு நடைமுறைக் கணக்கு இருக்கிறது: நாளுக்கு நான்கு முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால், அல்லது கண் அறுவைசிகிச்சை முடிந்த புதிதானால், பிரிசர்வேட்டிவ் இல்லாததற்குப் போங்கள். இரண்டு மூன்று முறை போதுமென்றால் மென்மையான வகையே தாராளம்.

குப்பியில் மிச்சமிருப்பதை மூடிவைத்து மறுநாள் விடுவது நம் சிக்கன புத்திக்கு இயல்பாகத் தோன்றும். வேண்டாம். 2023-ல் அமெரிக்காவில், பிரிசர்வேட்டிவ் இல்லாமல் சாதாரணப் பாட்டிலில் விற்ற செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபடுத்தப்பட்ட சூடோமோனாஸ் என்னும் கிருமியின் தொற்று 18 மாநிலங்களில் 81 பேருக்கு வந்தது. நான்கு பேர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள். கிருமியற்றது என்ற சொல்லுக்குக் கண் விஷயத்தில் எவ்வளவு எடை என்பது அப்போது உலகத்துக்கே தெரிந்தது. இதே காரணத்தால்தான் பன்னீர், தேன், தாய்ப்பால் என்று பாட்டி வைத்தியம் சொல்லும் அத்தையிடம் அன்போடு மறுத்துவிடச் சொல்கிறேன். விளக்கெண்ணெய் மருந்துக் கம்பெனியே சேர்ப்பதுதானே என்று அவர் மடக்கலாம். அவர்கள் சேர்ப்பது சுத்திகரித்து, கிருமி நீக்கி, அளவு பார்த்துக் கலந்தது, அடுக்களை அலமாரிப் பாட்டில் அல்ல.

சரி, இத்தனை வகைகளை நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்தார்களா? பார்த்தார்கள். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2016-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 43 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. செயற்கைக் கண்ணீர் பொதுவாகப் பாதுகாப்பானது, தொல்லையைக் குறைக்கிறது, ஆனால் எல்லாரையும் முந்தும் ஒரு வகை என்று எதையும் சொல்லத் தக்க சான்று இல்லை என்பதுதான் அதன் சாரம். சோதனைகளின் தரமும் சீராக இல்லை. இது ஏமாற்றமான முடிவு போலத் தோன்றும். எனக்கு இது நிம்மதி தருவதாகவே படுகிறது. மலிவானதில் தொடங்கலாம், மூன்று நான்கு வாரம் ஒழுங்காக விட்டுப் பார்க்கலாம், போதவில்லையென்றால் வகையை மாற்றலாம். பெயரை மட்டும் மாற்றி அதே 0.5 சதவீத சி.எம்.சி.யையே மறுபடி வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். மீன் எண்ணெய் மாத்திரையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம்: 2018-ல் வெளியான பெரிய சோதனை ஒன்றில் ஒமேகா 3 மாத்திரை எடுத்தவர்களுக்கும், ஒப்பீட்டுக்காக ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

கடையில் மசகு மருந்து போலவே தோற்றமளிக்கும் வேறு இரண்டு பெட்டிகளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒன்று, சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து. நாஃபசோலின் போன்ற பொருள் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாக்கும். வறட்சி அப்படியே இருக்கும். தொடர்ந்து விட்டால் நிறுத்தியதும் முன்னைவிடச் சிவக்கும். மற்றொன்று ஸ்டீராய்டு கலந்தது. டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று பெயர் இருக்கும். இது மருத்துவர் சீட்டுக்கு மட்டும் தர வேண்டிய மருந்து, ஆனால் போன தடவை எழுதியதுதானே என்று கேட்டால் கொடுத்துவிடும் கடைகள் இல்லாமலில்லை. விட்டதும் எரிச்சல் மாயமாக மறையும். அதை நம்பி மாதக்கணக்கில் விட்டவர்களுக்குக் கண்ணழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடுவதும், இளவயதிலேயே கண்புரை வருவதும் மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். கடுமையான வறட்சியில் அழற்சியைத் தணிக்க சைக்லோஸ்போரின் போன்ற மருந்தையும் மருத்துவர் எழுதுவார். அது மசகு அல்ல, பலன் தெரிய வாரங்கள் ஆகும், எரிகிறது என்று நாமாக நிறுத்திவிடக் கூடாது.

விடும் முறையில் பாதி மருந்து வீணாகிறது. கண்ணில் எந்நேரமும் இருக்கும் கண்ணீர் ஏறக்குறைய 7 மைக்ரோ லிட்டர். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோ லிட்டர். ஒரு சொட்டே கண் கொள்ளாது, இரண்டு சொட்டு விட்டால் சட்டைக் காலர்தான் நனையும். கையைக் கழுவி, கீழ் இமையை இழுத்து, அந்தப் பையில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் நுனி இமையிலோ மயிரிலோ படக் கூடாது. பிறகு படபடவென்று இமைக்காமல் ஒரு நிமிடம் மெல்ல மூடியிருக்க வேண்டும். வேறு மருந்தும் இருந்தால் ஐந்து நிமிட இடைவெளி, களிம்பு எப்போதும் கடைசி. கான்டாக்ட் லென்ஸ் அணிகிறவர்கள், லென்ஸுடன் விடலாம் என்று பெட்டியில் போட்டிருந்தாலொழிய, லென்ஸைக் கழற்றி, மருந்தை விட்டு, 15 நிமிடம் கழித்து மாட்டிக்கொள்ளலாம். சாதாரணப் பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒரு மாதம்தான் ஆயுள், காலாவதித் தேதி அடுத்த ஆண்டு என்று அச்சிட்டிருந்தாலும்.

எரிகிறபோது மட்டும் விடுவதும் பலன் குறைந்த பழக்கம். படலம் உடைந்தபின் ஒட்டுவதைவிட உடையுமுன் காப்பது எளிது. அலுவலகத்தில் மதியத்துக்குமேல் எரியுமென்றால் காலையிலும் பகல் சாப்பாட்டுக்கு முன்னும் விடுங்கள்.

ஒரு மாதம் இப்படிச் செய்தும் அடங்காவிட்டால் கண் மருத்துவரிடம் போக வேண்டும். கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், பார்வை இமைத்தாலும் தெளியாமை, சீழ், ஒரு கண் மட்டும் சிவப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். வாயும் சேர்ந்து உலர்ந்து மூட்டுகளும் வலித்தால் அதையும் சொல்லுங்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஸ்யோகிரன் நோய் என்று ஒன்று உண்டு, நடுத்தர வயதுப் பெண்களுக்கு அதிகம், அதில் கண் வறட்சி முதல் அடையாளமாக வரலாம். மருத்துவர் ஒரு மஞ்சள் சாயத்தை விட்டுப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று பார்ப்பார், 10 நொடிக்குக் குறைவென்றால் சரியில்லை. கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்றும் அளப்பார், 5 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் தண்ணீரே குறைவு என்று பொருள். எந்த வகை வறட்சி என்பது அங்கே தெரிந்துவிடும்.

அப்போது இதுவரை விட்ட எல்லாப் பாட்டில்களையும் அவற்றின் பெட்டிகளோடு எடுத்துப் போங்கள். ஒவ்வாமைக்கும் மன அழுத்தத்துக்கும் முகப்பருவுக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் கண்ணை உலர்த்தும் என்பதால் அந்தச் சீட்டுகளையும்.